வண்டலூரில் பிறந்த வண்டிகள்

கார் தொழிற்சாலை என்றதும் ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் நினைவுக்கு வருகின்றன. அந்த ஆலைகள் எழும்புவதற்கு அரை நூற்றாண்டு முன்பே கார் கட்டிய ஊர் சென்னை. 1949-ல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் ஆஸ்டின் ஏ-40 கார்களைப் பூட்டி வெளியே அனுப்பியது. பின்னாளில் அசோக் லேலண்ட் ஆகி, லாரி, பஸ் பக்கம் போனது இதே நிறுவனம்தான். நகரின் தெற்கு முனையில் வண்டலூர், பெருங்களத்தூர் பக்கம் இன்னொரு ஆலை இருந்தது. 1948-ல் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனத்துடையது அது. வேன்கார்ட், ஸ்டாண்டர்ட் டென், பென்னன்ட், ஹெரால்ட், கெஸல் எல்லாம் அங்கே பிறந்தவை.

1980-களின் இறுதியில் அந்த ஆலை மூடப்பட்டது. இப்போது அங்கே ஐ.டி. கட்டடங்கள் நிற்கின்றன. பெற்ற நிறுவனமே இல்லாமல் போன பிறகும் அந்தக் கார்கள் சில இன்னும் சாலையில் ஓடுகின்றன. பழைய கார் கிளப்புகளும், அவற்றைச் சுற்றி வாழும் பட்டறைக்காரர்களும்தான் காரணம். அவர்கள் செய்யும் வேலை, வசதி படைத்தவர்களின் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்காகப் பார்க்கப்படுகிறது. அப்படிப் பார்ப்பது சரியல்ல என்பதற்கு ஹெரால்ட் ஒன்றே போதும்.

நாலு கதவு ஹெரால்ட்

1959-ல் இங்கிலாந்தில் டிரையம்ப் நிறுவனம் வெளியிட்ட கார் ஹெரால்ட். வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, கார் பாடி செய்து தரும் தொழிற்சாலையைப் போட்டி நிறுவனம் வாங்கிவிட்டது. பாடியை ஒரே கூடாகச் செய்ய வழியில்லை. எனவே தனி சேசிஸ் ஒன்றை வைத்து, அதன் மேல் பாடியைத் துண்டு துண்டாக போல்ட் போட்டு இணைத்தார்கள். அந்த நெருக்கடிதான் ஹெரால்டை மெக்கானிக்குகளின் செல்லப் பிள்ளையாக்கியது. இரண்டு பக்கமும் உள்ள கொக்கிகளை விடுவித்துத் தூக்கினால், மட்கார்டு, ஹெட்லைட்டோடு முன்பக்கம் முழுதும் முன்னோக்கிச் சாய்ந்துகொள்ளும். டயர் மேல் உட்கார்ந்தபடியே எஞ்சின் வேலை பார்க்கலாம். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் என்பதால் குறுகலான தெருக்களுக்கும் பொருத்தம்.

948 சி.சி. எஞ்சினோடு 1961-ல் அது ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்ற பெயரில் இங்கே வந்தது. இங்கிலாந்தில் விற்ற ஹெரால்ட் எல்லாமே இரண்டு கதவு. குடும்பத்தோடு பயணம் போகும் நம் ஊருக்கு அது தோதுப்படவில்லை. பின்னாளில் நான்கு கதவு ஹெரால்ட் சென்னையில் உருவானது. உலகில் வேறெங்கும் அது தயாராகவில்லை.

எஞ்சின், முன் சஸ்பென்ஷன் சாமான்களுக்கு இன்றும் பஞ்சமில்லை. டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் காருக்கும் இவற்றில் பல பொருந்தும்; இங்கிலாந்தில் இன்னும் புதிதாகச் செய்கிறார்கள். பின் கதவுக்கு அந்த வழியில்லை. துருப்பிடித்தால் சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் தேட வேண்டும். இல்லாவிட்டால் தகட்டைத் தட்டி உருவாக்க வேண்டும். இங்கே நாம் காப்பாற்றாவிட்டால் நாலு கதவு ஹெரால்டைக் காப்பாற்ற உலகில் வேறு ஆள் கிடையாது.

பட்டறையில் நடப்பது

பழைய காரைச் சீர்செய்ய எடுத்தால், ஸ்பானரைத் தொடுவதற்கு முன்பே படம் எடுக்கும் வேலை தொடங்கிவிடும். எந்த ஒயர் எங்கே போகிறது, எந்த வாஷர் எந்த போல்ட்டுக்கு என்று குறித்துவைத்து, சீட்டு கட்டிய பிறகே கழற்றுவார்கள். பாடியை இறக்கியதும் சேசிஸின் நிஜ நிலை தெரியும். பெயின்ட்டுக்கு அடியில் பட்டி பூசி மறைத்த ஓட்டைகள் வெளிவரும். நல்ல டிங்கர், துருவேறிய பகுதியை வெட்டியெடுத்து, புதுத் தகட்டை அளவாக வளைத்துப் பற்றவைப்பார். பட்டி மெல்லிசாக மேலே ஒரு பூச்சு மட்டும். எஞ்சின் லேத் பட்டறைக்குப் போய், போர் அடித்து, ஓவர்சைஸ் பிஸ்டனோ ஸ்லீவோ போட்டு வரும். 2000-ல் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுபோனதால், பழைய வால்வு சீட்டுகள் விரைவில் தேயும். தேயாத கெட்டியான சீட்டுகளை அப்போதே பதித்துவிடுவது நல்லது. எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பரை அரிக்கும். பெட்ரோல் ஹோஸ், பம்ப் டயஃப்ரம் எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டும்.

இந்த வேலையில் அனுபவத்துக்கு என்ன மதிப்பு என்று பார்க்க, ஹெரால்டின் முன் சக்கரத்துக்குக் கீழே குனிய வேண்டும். சக்கரத்தைத் தாங்கும் தண்டின் அடிமுனை, ட்ரனியன் என்ற வெண்கலத் துண்டின் மரைக்குள் இறங்கி நிற்கிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரையில்தான் திரும்புகிறது. அங்கே கிரீஸ் கூடாது, கியர் ஆயில்தான் விட வேண்டும் என்பது பழைய பாடம். வழக்கமான கை கிரீஸ் கன்னை எடுத்து அடித்துவிட்டால், கிரீஸ் இறுகி வழியை அடைக்கும். தண்ணீர் புகுந்து தண்டு அரிக்கப்பட்டு, ஒரு நாள் திருப்பத்தில் முறியும், சக்கரம் மடங்கிவிடும். இதைத் தெரிந்த மூத்த மெக்கானிக்குகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். கிளப்புகளின் பெரிய சேவை, இப்படிப்பட்டவர்களுக்குத் தொடர்ந்து வேலை கொடுத்து, அவர்கள் அருகில் ஓர் இளைஞனை நிறுத்திவைப்பதுதான்.

எவ்வளவு தூரம் புதுப்பிக்கலாம் என்ற கேள்வியும் உண்டு. 1966-ல் உருவான பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பு ஃபிவா, டுரின் சாசனம் என்ற வழிகாட்டுதலை வைத்திருக்கிறது. இருப்பதைக் காப்பதே முதல் கடமை, மாற்றுவது தவிர்க்க முடியாதபோது மட்டும் என்பது அதன் சாரம். நம் ஊரில் பலரும் பழைய காரை வாங்கிய கையோடு மெட்டாலிக் பெயின்ட், அலாய் வீல், கிடைத்த ஏதோ ஓர் எஞ்சின் என்று இறங்கிவிடுகிறார்கள். பளபளப்பு வருகிறது, வரலாறு போய்விடுகிறது. சற்று மங்கினாலும் ஆலை பூசிய அசல் பெயின்ட்டுக்குத்தான் மதிப்பு அதிகம்.

ஓடினால்தான் உயிர்

கிளப்புகள் கூட்டமாக வண்டி எடுப்பதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1896 நவம்பர் 14 அன்று, இங்கிலாந்தில் மோட்டார் வண்டிகளின் வேக வரம்பு மணிக்கு 14 மைலாக உயர்ந்ததைக் கொண்டாட லண்டனிலிருந்து பிரைட்டனுக்குக் கார்கள் கிளம்பின. 1927-ல் அதன் நினைவாகத் தொடங்கிய ஓட்டம் இன்றும் நவம்பரில் நடக்கிறது. இந்தியாவில் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை 1964-ல் டெல்லியில் பழைய கார் ராலியைத் தொடங்கியது. சென்னையில் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப், ஹிஸ்டாரிக்கல் கார் அசோசியேஷன் ஆஃப் இந்தியா போன்ற அமைப்புகள் இந்த வழக்கத்தைத் தொடர்கின்றன.

வேடிக்கை பார்ப்பவர்களுக்கு அது ஊர்வலம். காருக்கு அது பரிசோதனை. நிறுத்தியே வைத்த காரில் பெட்ரோல் பிசினாகிக் கார்பரேட்டரை அடைக்கும். பிரேக் ஆயில் ஈரம் இழுத்து வீல் சிலிண்டர் இறுகும். ஆயில் சீல்கள் காய்ந்து ஒழுகும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை ஒரு நடை போய்வந்தால் எல்லாக் குறையும் வெளியே வந்துவிடும். சென்னையில் இதற்கு ஏற்ற காலம் டிசம்பரும் ஜனவரியும். கோடையில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி வண்டி நின்றுவிடும்; பம்ப் மேல் ஈரத்துணி சுற்றிக் காத்திருக்க வேண்டும். அதனால்தான் விடியலிலேயே கிளம்புவது நல்லது. வேகம் குறைந்த வண்டிக்குத் தக்கபடி மற்றவை போக வேண்டும். கடைசியில் ஒரு மெக்கானிக்கும் பெட்டி நிறைய சாமான்களும் வர வேண்டும்.

சட்டம் தந்த வழி

2021 ஜூலையில் மத்திய அரசு பழைய வாகனங்களுக்கென்று தனிப் பதிவு விதிகளைக் கொண்டுவந்தது. முதல் பதிவாகி 50 ஆண்டு கடந்து, சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்யாத இரண்டு, நான்கு சக்கர வாகனங்களுக்கு இது பொருந்தும். புதுப் பதிவுக்கு ரூ.20,000, மறுபதிவுக்கு ரூ.5,000. பதிவு 10 ஆண்டு செல்லும். ஏற்கெனவே எண் உள்ள வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். அன்றாடம் ஓட்டவோ வாடகைக்கு விடவோ முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பழுதுபார்ப்பது போன்றவற்றுக்கு மட்டும் சாலைக்கு எடுக்கலாம். ஏறக்குறைய எல்லா ஹெரால்டுகளும் இன்று இந்த 50 ஆண்டு வரம்பைத் தாண்டிவிட்டன. அசலைக் கெடுக்காதவருக்கே சட்டத்தின் பாதுகாப்பு.

உங்கள் வீட்டுக் கொட்டகையில் தாத்தா ஓட்டிய கார் ஒன்று நிற்கலாம். தயவுசெய்து அதைக் காயலான் கடைக்கு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஆர்.சி. புத்தகம், பழைய இன்ஷூரன்ஸ் தாள், சாவி எல்லாவற்றையும் ஓரிடத்தில் பத்திரப்படுத்துங்கள். பெயின்ட் அடிக்க ஆள் தேடும் முன் ஒரு கிளப்பில் இருப்பவரை அழைத்துக் காட்டுங்கள். கோவை அவிநாசி சாலையில் ஜி.டி. கார் மியூசியத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். ஹெரால்டும் அதன் உடன்பிறப்புகளும் சென்னை தன் கையால் கட்டிய கார்கள். அவற்றை ஓட வைக்கும் பொறுப்பும் சென்னைக்குத்தான்.