லேண்டிங் நேரத்தில் விமானிகள் அரட்டை அடிக்கக் கூடாது... ஏன் தெரியுமா?

நடுவானில் பறக்கும்போது விமானிகள் இருவரும் கிரிக்கெட், குடும்பம்னு எதை வேணும்னாலும் பேசிக்கலாம். ஆனால், தரையிறங்குவதற்காக 10,000 அடிக்குக் கீழே வந்துவிட்டால் ஊர்க்கதைக்குத் தடை. விமானத்தை இயக்கத் தேவையான பேச்சு மட்டும்தான். இதுதான் 'ஸ்டெரைல் காக்பிட்' விதி.

எப்படி வந்தது?

1974 செப்டம்பர் 11. அமெரிக்காவின் ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானம் 212, பனிமூட்டமான காலையில் சார்லட் நகரில் தரையிறங்க வந்தது. காக்பிட்டில் அரசியல், பழைய கார் என்று பேச்சு ஓடியது. விமானம் எவ்வளவு தாழ்ந்துவிட்டது என்பதை இருவருமே கவனிக்கவில்லை. ஓடுபாதைக்கு முன்பே தரையில் மோதியது. 82 பேரில் 70-க்கும் மேற்பட்டோர் பலி. காக்பிட் குரல் பதிவில்தான் இந்த அரட்டை தெரியவந்தது.

1981-ல் அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறையான எஃப்.ஏ.ஏ. இதை விதியாக்கியது.

ஏன் அவசியம்?

ஒருவர் விமானத்தை ஓட்ட, இன்னொருவர் உயரத்தையும் வேகத்தையும் கண்காணிக்க வேண்டும். தரைக்கு அருகில் தவறு நடந்தால் திருத்த சில விநாடிகள்தான் கிடைக்கும்.

டாக்ஸியிங், டேக்-ஆஃப் நேரத்திலும் இதே விதிதான். கேபின் ஊழியர்களும் தேவையில்லாமல் காக்பிட்டை அழைக்கக் கூடாது.

ஆனால், பாதுகாப்பு விஷயத்துக்கு இந்தத் தடை கிடையாது. புகையோ தீயோ கண்ணில் பட்டால், தயங்காமல் ஊழியரிடம் சொல்லுங்க!