உங்களுக்குத் தெரியுமா?

ஊட்டிக் குளிரில் வெண்ணெய்போல் இறுகும் தேங்காய் எண்ணெய் க்ரீம், ஜொகூர் பாருவில் பகலிலேயே உருகி வழியும்!

• தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 பாகை செல்சியஸில் உருகிவிடும். ஜொகூரில் பகல் வெப்பம் 30 பாகையைத் தாண்டுவது அன்றாடம்.

• கைகொடுப்பது தேன்மெழுகு. அது உருக 60 பாகைக்கு மேல் சூடு வேண்டும். 4 பங்கு எண்ணெய்க்கு 1 பங்கு மெழுகு. கிண்ணத்தில் போட்டு, கொதிநீரின் மேல் வைத்து உருக்கி ஆறவிடுங்கள்.

• எண்ணெய் தோலுக்கு ஈரம் தராது. இருக்கும் ஈரத்தைப் போகவிடாமல் காக்கும். குளித்ததும், உடல் முழுக்கக் காயுமுன் தடவுங்கள்.

• பன்னீரோ கற்றாழைச் சாறோ கலந்தால் கிருமி வளரும். கொஞ்சமாகச் செய்து, குளிர்பெட்டியில் வைத்து, சில நாளில் தீர்த்துவிடுங்கள். எடுக்க ஈரமில்லாத கரண்டியே நல்லது.