மருத்துவமனையில் கை சுத்தம்: கேட்கத் தயங்க வேண்டாம்



சென்ற ஆண்டு என் மாமியாருக்குச் சர்க்கரை நோயால் காலில் புண் வந்து, மலையை விட்டு இறங்கி கீழே ஒரு மருத்துவமனையில் ஒன்பது நாள் சேர்த்திருந்தோம். தினமும் காலையில் கட்டு மாற்ற ஒரு நர்ஸ் வருவார். கையுறை போட்டிருப்பார். பக்கத்துக் கட்டிலில் கட்டை அவிழ்த்துப் புண்ணைத் துடைத்துவிட்டு, அதே கையுறையோடு எங்கள் கட்டிலுக்கு வருவார். கையுறைதான் போட்டிருக்கிறாரே என்று முதல் நாள் பேசாமல் இருந்தேன். இரண்டாம் நாள் மனம் கேட்கவில்லை, ஆனால் வாய் வரவில்லை. ஏதாவது சொன்னால் ஊசி போடும்போது கோபத்தைக் காட்டிவிடுவாரோ என்று பயம். ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையாக இருந்த எல்லாருக்கும் தெரிந்த பயம்தான் இது.

பயந்து பேசாமல் இருப்பதில் என்ன நஷ்டம்? ஒரு நோய்க்காகப் போய்ச் சேர்ந்த இடத்தில் வேறொரு கிருமி தொற்றிக்கொள்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, நம்மைப் போன்ற நாடுகளில் மருத்துவமனையில் சேரும் 100 பேரில் 15 பேருக்கு அங்கேயே ஒரு தொற்றாவது வருகிறது. பணக்கார நாடுகளில்கூட 100-க்கு 7 பேர். அப்படித் தொற்று வந்தவர்களில் பத்தில் ஒருவர் இறந்துபோகிறார். அந்தக் கிருமி ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குப் போகும் முக்கியமான வழி மனிதர்களின் கைதான்.

இதை முதலில் நிரூபித்துக் காட்டியவர் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர். வியன்னா நகரின் பெரிய மருத்துவமனையில் அப்போது இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் டாக்டர்களும் மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள், மற்றதில் மருத்துவச்சிகள். டாக்டர்கள் பார்த்த பிரிவில்தான் தாய்மார்கள் அதிகம் இறந்தார்கள். அங்கே மட்டும் சேர்த்துவிடாதீர்கள் என்று கர்ப்பிணிகள் கெஞ்சுவார்களாம். பிணப் பரிசோதனை முடித்துவிட்டு அதே கையோடு டாக்டர்கள் பிரசவம் பார்க்க வருவதுதான் காரணம் என்று செம்மல்வைஸ் கண்டுபிடித்தார். 1847 மே மாதம், குளோரின் கலந்த நீரில் கை கழுவாமல் யாரும் உள்ளே வரக்கூடாது என்று கட்டளையிட்டார். ஏப்ரலில் 100-க்கு 18 பேராக இருந்த சாவு ஜூனில் 2 பேராகக் குறைந்தது. ஆனால் "எங்கள் கை அசுத்தமா?" என்று மற்ற டாக்டர்களுக்குக் கோபம். கடைசிவரை அவரைப் பெரும்பாலோர் ஏற்கவில்லை.

இது பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கும் மேலான பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. முன்பு நம் மலையில் வீட்டிலேயே பேறு பார்த்த குடும்பங்களும் இன்று செம்மேட்டுக்கோ, 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி நாமக்கல்லுக்கோ போகின்றன. போவது நல்லதுதான். போகிற இடத்தில் தொடுகிற கை சுத்தமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கை கழுவ வேண்டும் என்று படித்தவர்களுக்குத் தெரியாதா? தெரியும். பிறகு ஏன் கழுவுவதில்லை? சுவிட்சர்லாந்தின் ஜெனிவாவில் டிடியர் பிட்டெட் என்ற டாக்டரும் அவர் குழுவினரும் வார்டு வார்டாக நின்று எண்ணிப் பார்த்தார்கள். கழுவ வேண்டிய 100 சமயங்களில் 48 முறைதான் கழுவியிருந்தார்கள். நர்சுகளைவிட டாக்டர்கள் மோசம். வேலை எந்த அளவுக்கு அதிகமோ அந்த அளவுக்குக் கை கழுவுவது குறைந்தது. அப்படியானால் இதைச் சோம்பேறித்தனம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. சோப்புப் போட்டு ஒழுங்காகக் கழுவித் துடைக்க ஒரு நிமிடம் ஆகும். ஒரு நர்ஸ் மணிக்கு இருபது முறை கழுவ வேண்டி வந்தால், வார்டின் மூலையிலுள்ள குழாய்க்குப் போய் வருவதிலேயே பாதி நேரம் போய்விடும்.

அதனால் ஜெனிவாவில் குழாயை நம்பாமல், ஆல்கஹால் கலந்த கை மருந்தை, நாம் சானிடைசர் என்கிறோமே அதை, ஒவ்வொரு கட்டில் அருகிலும் வைத்தார்கள். 20, 30 விநாடி தேய்த்தால் போதும். மூன்று ஆண்டுகளில் 48 என்பது 66 ஆனது, மருத்துவமனைத் தொற்றும் குறைந்தது. (டாக்டர்கள் மட்டும் அப்போதும் பெரிதாக மாறவில்லை!) இன்று உலகம் முழுவதும் அந்த முறைதான்.

இங்கே நம்மவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். ஆல்கஹால் ஹராம் ஆயிற்றே, கையில் தடவலாமா? நர்சிங் படிக்கும் நம் பெண் பிள்ளைகள் சிலரும் கேட்டிருக்கிறார்கள். 2002 ஜனவரியில் மக்காவில் கூடிய உலக முஸ்லிம் லீகின் ஃபிக்ஹு கவுன்சில் இதை ஆராய்ந்து, புண்ணை வெளிப்புறமாகச் சுத்தம் செய்யவும் கிருமியைக் கொல்லவும் ஆல்கஹாலைப் பயன்படுத்தலாம் என்று தீர்ப்பளித்தது. சவூதி மருத்துவமனைகளிலும் இதுதான் புழக்கத்தில் இருக்கிறது. மேலும் விளக்கம் வேண்டுமென்றால் நம் ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். சந்தேகத்தை மனதில் வைத்துக்கொண்டு வார்டில் கை சுத்தம் செய்யாமல் இருந்துவிடக் கூடாது. முழுக்கை சட்டை பற்றியும் கேள்வி உண்டு. நோயாளியைத் தொடும்போது முழங்கைக்குக் கீழே துணி இருக்கக்கூடாது என்று இங்கிலாந்தில் விதி வந்தபோது, ஒருமுறை மாட்டி எறிந்துவிடும் கையுறைத் துணியை மணிக்கட்டு வரை போட்டுக்கொள்ள 2010-ல் அனுமதித்தார்கள். கேட்டால் வழி பிறக்கும்.

இன்னொன்று. ஒளு செய்திருக்கிறேன், கை சுத்தம்தான் என்று சிலர் சொல்வார்கள். ஒளு தொழுகைக்கு. கிருமிக் கணக்கு வேறு. ஒளு செய்த கையால் கட்டில் கம்பியைப் பிடித்தால், அந்தக் கம்பியில் இருக்கும் கிருமி கையில் ஏறிவிடும். நோயாளியைத் தொடுமுன், ஊசி, கட்டு, டியூப் போன்றவற்றில் கை வைக்குமுன், ரத்தமோ சிறுநீரோ பட்டபின், நோயாளியைத் தொட்டபின், அவர் படுக்கையையோ பக்கத்துச் சாமானையோ தொட்டபின் என்று ஐந்து சமயங்களை உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கையுறை போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. கையில் அழுக்கு தெரிந்தாலோ, வயிற்றுப்போக்கு நோயாளியைக் கவனித்தாலோ சானிடைசர் போதாது, சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். மலைக்குளிரில் வெந்நீர் தேட வேண்டாம். பச்சைத் தண்ணீரே போதும்.

இதெல்லாம் டாக்டர், நர்சுக்கு மட்டுமல்ல. நம் ஊர் மருத்துவமனைகளில் நோயாளிக்குச் சோறூட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது, மலஜலம் எடுப்பது எல்லாம் கூட இருக்கும் நாம்தான். நலம் விசாரிக்க வருபவர்களோ வரிசையாக எல்லாக் கட்டிலுக்கும் போய்க் கைகொடுத்து ஸலாம் சொல்லி, கடைசியில் பிறந்த குழந்தையின் கன்னத்தைக் கிள்ளுவார்கள். அன்புதான், மறுக்கவில்லை. வார்டுக்குள் வாயால் ஸலாம் சொன்னால் போதும். குழந்தையைத் தூக்க வேண்டுமானால் முதலில் கை கழுவ வேண்டும்.

கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. "கையைக் கழுவினீங்களா?" என்று அதட்டினால் யாருக்கும் சுருக்கென்றுதான் இருக்கும். "சிஸ்டர், அத்தாவுக்குச் சுகர் இருக்கு, சீக்கிரம் சீழ் பிடிச்சுக்குது. கையில கொஞ்சம் மருந்து போட்டுக்கிட்டு கட்டுப் பிரிக்கிறீங்களாம்மா?" என்று கேட்டுப் பாருங்கள். சானிடைசர் பாட்டில் காலியாக இருந்தால் வார்டு பொறுப்பு நர்சிடம் சொல்லுங்கள். அரசு மருத்துவமனைகளின் சுத்தத்துக்கு மதிப்பெண் போட்டுப் பரிசு தரும் 'காயகல்ப்' திட்டம் 2015 முதல் நடக்கிறது. ஊழியர்கள் கை சுத்தம் செய்வதும் அந்த மதிப்பெண்ணில் அடக்கம். எனவே நீங்கள் கேட்பது அவர்களுக்குப் புதிய விஷயம் அல்ல.

நான்காம் நாள் நானும் கேட்டுவிட்டேன். நர்ஸ் ஒன்றும் சொல்லவில்லை. முகம் கொஞ்சம் மாறியது. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுச் சுவரில் இருந்த பாட்டிலை அழுத்தினார், அதில் ஒரு சொட்டு வரவில்லை. குழாய்க்குப் போய்க் கழுவிவிட்டு வந்து, புதுக் கையுறை மாட்டிக் கட்டுப் போட்டார். மறுநாள் காலை நான் வாய் திறக்கவில்லை. பாட்டில் நிரம்பியிருந்தது, அவரே கையைத் தேய்த்துக்கொண்டு வந்து, "பாட்டிக்கு வலி எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார்.