பாறையை விடாத சக்கரம்: மலையேறும் ஜீப்புக்குச் சஸ்பென்ஷன் அமைக்கும் கலை

பாறைகளின் மேல் ஆள் நடக்கும் வேகத்தில் ஊர்ந்து ஏறும் வண்டிக்கு இன்ஜின் பலத்தைவிட முக்கியமானது சஸ்பென்ஷன். ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், ஆக்சிலைச் சேசிஸோடு பிணைக்கும் தண்டுகள் ஆகியவை சேர்ந்த அமைப்பு அது. தார்ச்சாலையில் அதன் வேலை குலுக்கலைக் குறைப்பது. பாறையில் அதன் முதல் வேலை, நான்கு சக்கரங்களும் தரையை விட்டு எழாமல் பார்த்துக்கொள்வது.

இதற்குக் காரணம் டிஃபரன்ஷியல். சாதாரண டிஃபரன்ஷியல், ஒரே ஆக்சிலில் உள்ள இரண்டு சக்கரங்களுக்கும் சம அளவு முறுக்குவிசையையே தரும். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அதைச் சுழற்ற மிகக் குறைந்த விசையே போதும். தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் அந்தக் குறைந்த விசைதான் கிடைக்கும். தொங்கும் சக்கரம் வீணாகச் சுழல, வண்டி நகராது. ஃபோர்ஸ் கூர்க்காவில் இருப்பதுபோல் முன்னும் பின்னும் இரு சக்கரங்களையும் சேர்த்துப் பூட்டும் டிஃப் லாக் இருந்தால் இந்தச் சிக்கல் பெருமளவு தீரும். ஆனாலும் ஒரு சக்கரம் எழும்பிய வண்டி மூன்று கால்களில் நிற்கிறது. எந்த நேரமும் சாயக்கூடும்.

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்குப் போகும் மலைச்சாலையை விட்டு உள்கிராமங்களுக்குப் பிரியும் கரடுமுரடான பாதைகளில் இந்த நிலையைக் கண்கூடாகப் பார்க்கலாம். ஜவ்வாது மலை, சார்னோகைட், நைஸ் வகைக் கடும்பாறைகளால் ஆன கிழக்குத் தொடர்ச்சி மலைப்பகுதி. மழை மண்ணை அரித்துக்கொண்டு போனால் பாறை முகடுகள் துருத்தி நிற்கும். வலது முன் சக்கரம் பாறை மேல் ஏறும்போது இடது முன் சக்கரம் பள்ளத்தில் இறங்கும். பின்னால் இது தலைகீழாக நடக்கும். இப்படி முறுக்கிய தரைக்கு ஏற்ப ஆக்சில்கள் எவ்வளவு தூரம் எதிரெதிராகச் சாய்ந்து கொடுக்கின்றன என்பதே பாறை வண்டியின் தகுதி.

பட்டை ஸ்பிரிங்கில் தொடங்குவது

அந்நாளைய வில்வண்டியைத் தாங்கிய அதே பட்டை ஸ்பிரிங்தான் வில்லிஸ் ஜீப்பையும் தாங்கியது. 1940-களின் இறுதியில் மகிந்திரா நிறுவனம் இந்தியாவில் பொருத்தத் தொடங்கிய அந்த ஜீப்பில், முன்னும் பின்னும் ஒரே துண்டாக அமைந்த கெட்டி ஆக்சில்கள், நான்கு மூலையிலும் பட்டைக் கட்டுகள். மாருதி ஜிப்சியும் அதே வழியில் வந்தது. பட்டை ஸ்பிரிங் எடையைத் தாங்குவதோடு ஆக்சிலையும் அதன் இடத்தில் பிடித்து வைக்கும். தனியாகத் தண்டுகள் தேவையில்லை. லாரிகள் வந்து நிற்கும் ஊர்களில் பட்டைக்கு வளைவு ஏற்றித் தரும் பட்டறைகளும் இருப்பதால், குறைந்த செலவில் மாற்றம் செய்ய ஏற்றது இதுவே.

பாரம் ஏற்றும் வண்டிக்குத் தடித்த பட்டைகள் வேண்டும். பாறை வண்டிக்கோ நீளமான, மெல்லிய பட்டைகள்தான் நன்றாக வளைந்து கொடுக்கும். பட்டைக் கட்டின் ஒரு முனையில் ஆடும் ஷாக்கிளின் நீளத்தை 2 அங்குலம் கூட்டினால் வண்டி ஏறக்குறைய 1 அங்குலம் உயரும். ஆக்சிலுக்கு அடியில் இருக்கும் பட்டைக் கட்டை ஆக்சிலுக்கு மேலே மாற்றினால் 5 அங்குலம் வரை உயரம் கிடைக்கலாம். ஆனால் இப்படி மாற்றிய வண்டியில், ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஆக்சில் தன் அச்சிலேயே திருகிக்கொள்ளும். பட்டைகள் எஸ் வடிவில் நெளியும். அதைத் தடுக்க ஆக்சிலிலிருந்து சேசிஸுக்குத் தனித் தண்டு ஒன்று போட வேண்டும்.

சுருள் ஸ்பிரிங்கும் நான்கு தண்டுகளும்

சுருள் ஸ்பிரிங் எடையை மட்டுமே தாங்கும். ஆக்சிலைப் பிடிக்கத் தண்டுகள் தேவை. வேலை கூடினாலும் சுதந்திரமும் கூடும் என்பதால், 2010-இல் பின்பக்கம் பட்டையோடு வந்த மகிந்திரா தார், 2020-இல் சுருள் ஸ்பிரிங்குக்கும் தண்டுகளுக்கும் மாறியது. 2023-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த மாருதி ஜிம்னியில் முன்னும் பின்னும் கெட்டி ஆக்சில், தண்டுகள், சுருள் ஸ்பிரிங். கெட்டி ஆக்சிலில் ஒரு சக்கரம் மேலே தள்ளப்பட்டால் மறு சக்கரம் கீழே அழுத்தப்படும். பாறையில் இது பெரிய வரம்.

பாறை வண்டியின் பின்புறத்துக்குப் பெரும்பாலும் நான்கு தண்டு அமைப்பைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். கீழ்த் தண்டுகள் இரண்டும் நீளமானவை. பாறையில் இடிபடுபவையும் அவையே. அதனால் 2 அங்குல வெளிவிட்டமும் கால் அங்குலக் கனமும் உள்ள இரும்புக் குழாய்கள் அவற்றுக்குப் பயன்படுகின்றன. மேல் தண்டுகள் இரண்டும் மேலிருந்து பார்த்தால் 'வி' வடிவில் சாய்ந்திருக்கும். ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிப்பது அந்தச் சாய்வுதான். முனைகளில் எல்லாத் திசையிலும் திரும்பும் கோள மூட்டுகள் இருக்க வேண்டும். சாதாரண ரப்பர் புஷ் ஓரளவுதான் முறுக்கிக் கொடுக்கும். அதற்குமேல் போனால் தண்டையோ பிராக்கெட்டையோ முறிக்கும்.

ஆக்சில் பக்கம் மேல் தண்டுக்கும் கீழ்த் தண்டுக்கும் இடையே டயர் விட்டத்தில் கால் பங்கு இடைவெளி இருக்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. வண்டிக்குப் பக்கத்தில் நின்று பார்த்து, இரு தண்டுகளின் கோடுகளையும் கற்பனையாக நீட்டினால் அவை ஓரிடத்தில் சந்திக்கும். அந்தப் புள்ளி மிக உயரத்தில் அமைந்தால், ஏற்றத்தில் தண்டுகள் வண்டியின் பின்பாகத்தைத் தூக்கிச் சக்கரத்தைத் தரையில் திணிக்கும். பிடி நழுவியதும் சக்கரம் துள்ளும். இந்தத் துள்ளலில்தான் ஆக்சில் ஷாஃப்டுகள் முறிகின்றன.

முன் ஆக்சிலில் ஸ்டீயரிங்கும் சேர்வதால் மூன்று தண்டுகளும், ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கக் குறுக்கே ஒரு பானார்ட் தண்டும் பொருத்துவது வழக்கம். பானார்ட் தண்டும் ஸ்டீயரிங்கை இயக்கும் டிராக் லிங்க்கும் ஒரே நீளத்தில், இணைகோடுகளாக அமைய வேண்டும். இல்லையென்றால் சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் ஸ்டீயரிங் தானாகத் திரும்பும்.

ஸ்பிரிங்கின் மென்மை

பின்பக்க ஸ்பிரிங் ஒவ்வொன்றும் 350 கிலோ தாங்குவதாக வைத்துக்கொள்வோம். ஒரு மில்லிமீட்டர் அமுங்க 3 கிலோ தேவைப்படும் ஸ்பிரிங், நின்ற நிலையில் 117 மி.மீ. அமுங்கியிருக்கும். 2 கிலோ போதும் என்கிற மென்மையான ஸ்பிரிங் 175 மி.மீ. அமுங்கும். பள்ளத்தில் எடை முழுவதும் நீங்கும்போது ஸ்பிரிங் அதே அளவுதான் நீளும். ஆகவே மென்மையான, நீளமான ஸ்பிரிங்கே சக்கரத்தை ஆழம்வரை தொடரும். கெட்டியான ஸ்பிரிங் வண்டியை உயர்த்தினாலும் சக்கரத்தைத் தரைக்கு அனுப்பாது.

ஷாக் அப்சார்பரின் நீளம் இந்த முழு ஓட்டத்துக்கும் போதுமானதாக இருக்க வேண்டும். மேலே எல்லை வைக்க பம்ப் ஸ்டாப், கீழே எல்லை வைக்க நைலான் பட்டி. இவை இல்லையென்றால் ஷாக் அப்சார்பரே தடுப்பாகி, முதல் பள்ளத்திலேயே கிழியும். வளைவுகளில் வண்டி சாயாமல் தடுக்கும் ஸ்டெபிலைசர் கம்பி பாறையில் ஆக்சிலைக் கட்டிப்போடும் என்பதால், அதைக் கழற்றி மாட்டும் வசதியும் வேண்டும்.

பட்டறையில் செய்யும் வரிசை

முதலில் டயர் அளவை முடிவு செய்ய வேண்டும். மற்ற எல்லா அளவும் அதிலிருந்து வருபவை. அடுத்து சேசிஸை ஓட்டும் உயரத்தில், ரசமட்டம் பார்த்து ஸ்டாண்டில் நிறுத்தி, ஆக்சிலை அதன் இடத்தில் வைக்க வேண்டும். பிராக்கெட்டுகளை இந்தக் கட்டத்தில் பொட்டு வெல்டிங் மட்டும் செய்வதே நல்லது. பிறகு ஸ்பிரிங்கைப் போடாமலேயே ஜாக்கியால் ஆக்சிலை முழுதும் மேலே, முழுதும் கீழே, ஒரு பக்கம் மேலே மறுபக்கம் கீழே என்று நகர்த்திப் பார்க்க வேண்டும். டயர் எங்கே உரசுகிறது, பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, புரொபெல்லர் ஷாஃப்டின் கிராஸ் இறுகுகிறதா, தண்டு சேசிஸில் இடிக்கிறதா என்பதெல்லாம் இந்தச் சோதனையில் தெரிந்துவிடும். குறை தெரிந்தால் பொட்டு வெல்டிங்கை உடைத்து இடம் மாற்றுவது எளிது.

எல்லாம் சரி என்ற பிறகே முழு வெல்டிங். ஆக்சில் குழாயில் ஒரே இழுப்பில் நீளமாக வெல்டிங் செய்தால் சூட்டில் குழாய் வளைந்துவிடும். சிறு சிறு இழுப்பாக, இடம் மாற்றி மாற்றி, ஆறவிட்டுச் செய்ய வேண்டும். வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுவது கட்டாயம்.

முடிந்த வேலையை அளக்கச் சரிவுமேடைச் சோதனை உண்டு. 20 டிகிரி சரிவில் ஒரு முன் சக்கரத்தை மட்டும் ஏற்றி, வேறு ஏதாவது ஒரு சக்கரம் தரையை விட்டு எழும்வரை போக வேண்டும். சரிவில் ஏறிய நீளத்தைச் சக்கர இடைத்தூரத்தால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் மதிப்பெண் வரும். தாரின் சக்கர இடைத்தூரம் 2,450 மி.மீ. அந்த அளவுள்ள வண்டி 1,225 மி.மீ. ஏறினால் மதிப்பெண் 500. அப்போது அந்தச் சக்கரம் தரையிலிருந்து சுமார் 42 செ.மீ. உயரத்தில் இருக்கும்.

உயரத்தின் விலை

உயரமான வண்டிதான் நல்ல பாறை வண்டி என்பது தவறான எண்ணம். இடது வலது சக்கரங்களுக்கு இடையே 1,500 மி.மீ. அகலமும், 750 மி.மீ. உயரத்தில் எடை மையமும் உள்ள வண்டி, கணக்குப்படி 45 டிகிரி சாய்வில் கவிழும். எடை மையம் 100 மி.மீ. உயர்ந்தால் 41 டிகிரியிலேயே கவிழும். ஸ்பிரிங் அமுங்குவதால் உண்மையில் இன்னும் முன்னதாகவே கவிழும். டயருக்கு இடம் கிடைக்கும் அளவுக்கு மட்டும் உயர்த்தி, மீதியைச் சக்கரத்தின் ஓட்டத்தில் தேடுவதே சரியான வழி.

சட்டத்தையும் மனத்தில் கொள்ள வேண்டும். வண்டியின் அடிப்படை அமைப்பைத் தயாரிப்பாளர் குறித்த அளவுகளிலிருந்து மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தச் சட்டப்படி, விதிமீறிய ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். எனவே முழுதாக மாற்றிய வண்டியைப் போட்டித் திடலுக்கு லாரியில் ஏற்றிச் செல்வதே முறை. 2014 முதல் கோவாவில் நடந்துவரும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போன்ற போட்டிகள் அதற்காகவே இருக்கின்றன.

ஜவ்வாது மலையின் பெரும்பகுதி காப்புக்காடு. அங்கே அனுமதியின்றி நுழைவது குற்றம். ஓடைகளும் ஊற்றுகளும் மலைவாழ் மக்களின் குடிநீர். திறமையைக் காட்ட விரும்புவோர் தனியார் நிலத்திலோ போட்டித் திடலிலோ காட்டட்டும்; மலைப்பாதையை அதைத் தினமும் நம்பி வாழ்பவர்களுக்கு விட்டுவைக்கட்டும்.