கண்ணாடிக் கூரை கார்: உச்சி காயாமல் இருக்க...

சித்திரை வெயிலில் கோயில் வாசலில் நிறுத்திய காருக்குள் ஏறி உட்கார்ந்ததும் தலை ‘கிர்’ரென்று சுற்றுகிறது, கண் எரிகிறது, நாக்கு வறண்டு போகிறது. இப்படிச் சொல்லிக்கொண்டு என் வைத்தியசாலைக்கு வருகிறவர்கள் இரண்டு மூன்று வருஷமாகக் கூடியிருக்கிறார்கள். நாடி பார்த்தால் பித்தம் ஏறித்தான் இருக்கிறது. “என்ன கார்?” என்று கேட்டால் பலர் சொல்கிற பதில் ஒன்றேதான். புதிதாக வாங்கிய எலெக்ட்ரிக் கார், மேலே முழுக்கக் கண்ணாடி!

எலெக்ட்ரிக் காரில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. புகை கிடையாது, சத்தம் கிடையாது. 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியிலேயே வின்ஃபாஸ்ட் தொழிற்சாலை திறந்துவிட்டார்கள். நம் தெருக்களிலும் இந்த வண்டிகள் கூடிக்கொண்டுதான் போகும். அந்தக் கண்ணாடிக் கூரை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஐரோப்பாக்காரருக்கு வருஷத்தில் பாதி நாள் சூரியன் சாய்வாகத்தான் அடிக்கும். கூரைவழி வெளிச்சம் வந்தால் அவருக்குச் சந்தோஷம். நம்முடைய நாகர்கோவில் இருப்பது பூமத்திய ரேகைக்கு 8 டிகிரி வடக்கே. ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசி வாக்கிலும் நடுமத்தியானத்தில் சூரியன் நேர் உச்சிக்கே வந்துவிடும். நட்டுவைத்த கம்புக்கு நிழலே விழாது. அந்த வெயில் காரின் பக்கக் கண்ணாடியில் படுவதைவிடக் கூரையில்தான் ஜாஸ்தி படும். ஒரு சதுர மீட்டர் இடத்தில் உச்சி வெயில் கொட்டுகிற உஷ்ணம் சுமார் 1000 வாட்ஸ். ஓடுகிற இஸ்திரிப் பெட்டி ஒன்றின் சூடு என்று வைத்துக்கொள்ளுங்களேன். அதில் எவ்வளவு உள்ளே இறங்கும் என்பது கண்ணாடியின் தரத்தைப் பொறுத்தது.

“கம்பெனியிலேயே கறுப்புக் கண்ணாடிதானே போட்டிருக்கான் வைத்தியரே?” என்று கேட்பார்கள். சரிதான். வெயிலின் உஷ்ணத்தில் ஏறக்குறையப் பாதி கண்ணுக்குத் தெரியாத கதிர். கறுப்புக் கண்ணாடி கண் கூசாமல் பார்த்துக்கொள்ளும். ஆனால் தடுத்த சூட்டை அதுவே குடித்து வைத்துக்கொண்டு, தோசைக்கல் மாதிரி மெதுவாகக் கீழே விடும். ஏ.சி. ஓடிக் காற்று குளிர்ந்திருந்தும் உச்சி மண்டை மட்டும் காய்கிறது என்கிறார்களே, அது இதனால்தான். அகச்சிவப்புக் கதிரைத் திருப்பி அனுப்பும் பூச்சுள்ள கண்ணாடி இதைவிட எவ்வளவோ மேல். கார் வாங்கும்போது கடைக்காரரிடம் இதைக் கேளுங்கள். கூரைக்குத் திரை உண்டா என்றும் கேளுங்கள். சில வண்டிகளில் திரையே வைப்பதில்லை.

நிழல் எங்கே இருக்க வேண்டும்?

தக்கலைப் பக்கம் பத்மநாபபுரம் அரண்மனைக்குள் போனவர்கள் கவனித்திருப்பீர்கள். வெளியே மண்டை பிளக்கும், உள்ளே போனால் ஒரு குளிர்ச்சி. மேலே ஓடு, அதற்குக் கீழே காற்று உலாவ இடைவெளி, அதற்கும் கீழே மரத் தட்டு. வெயிலை ஓடு தாங்கிக்கொள்கிறது. வந்த சூட்டைக் காற்று கொண்டுபோய்விடுகிறது. இந்தச் சூட்சுமத்தைக் காருக்கும் சொல்லலாம். வெயிலைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்த வேண்டும். உள்ளே வந்தபிறகு துணியைக் கட்டி மறைத்தால் தலையில் நேராகப் படாது என்ற நன்மை உண்டு. ஆனால் துணி குடித்த சூடு காருக்குள்ளேயேதான் கிடக்கும்.

ஆகவே வீட்டில் நிறுத்த ஓலைப் பந்தல் போட்டுவிடுங்கள். தென்னங்கீற்றுக்கு நம் ஊரில் பஞ்சமா? தகர ஷெட் போடுகிறவர்கள் காருக்கும் தகரத்துக்கும் நல்ல இடைவெளி விட்டு, பக்கங்களை மூடாமல் விடுங்கள். வெளியூரில் நிறுத்தும்போது கூரையையும் முன் கண்ணாடியையும் மட்டும் மூடுகிற வெள்ளி நிற அரைக் கவர் போதும். அப்படியே சார்ஜ் போடுவதாக இருந்தால் முன்பக்கக் காற்றுத் துவாரத்தை அடைக்கக் கூடாது. மர நிழலுக்கு வேம்பு, புங்கு நல்லது. காக்கா எச்சம் விழும்தான், கழுவிக்கொள்ளலாம். தென்னை நிழலில் மாத்திரம் நிறுத்தாதீர்கள். கண்ணாடிக் கூரையின்மேல் தேங்காய் விழுந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை!

இதெல்லாம் முடியாத இடத்தில் உள்திரைதான் கதி. அந்தந்தக் காருக்கென்று அளவெடுத்துச் செய்த திரையில் பளபளப்பான பக்கம் மேலே பார்க்க வேண்டும். வலைத் துணி கண் கூச்சத்தைக் குறைக்கும், சூட்டை அவ்வளவாகக் குறைக்காது. ஃபிலிம் ஒட்டுகிறேன் என்று யாராவது சொன்னால், கம்பெனியிடம் கேட்டுவிட்டு ஒட்டுங்கள். சூட்டைக் குடிக்கிற ஃபிலிமால் கண்ணாடி விரிசல் விடுவது உண்டு. ஜன்னலுக்கு ஒட்டுவதிலும் சட்டம் இருக்கிறது. 2012-ல் உச்ச நீதிமன்றம் கறுப்பு ஃபிலிமுக்குத் தடை போட்டது. முன், பின் கண்ணாடிகளில் 70 சதவிகிதமும் பக்கங்களில் 50 சதவிகிதமும் வெளிச்சம் உள்ளே வர வேண்டும் என்பது விதி. அந்த அளவுக்கு உட்பட்ட ஃபிலிமுக்கு அபராதம் கூடாது என்று 2024-ல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. களியக்காவிளையைத் தாண்டி அடிக்கடி திருவனந்தபுரம் போய்வருகிறவர்கள் இரண்டையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்க்காரர்கள் பழைய ஞாபகத்தில் வெட்டிவேர்த் தட்டியை நனைத்துக் காருக்குள் தொங்கவிடுவதும் உண்டு. வாசனை நன்றாக இருக்கும். காற்று உலாவுகிற தாழ்வாரத்தில் அது அருமையான குளிர்ச்சி. மூடிய காருக்குள் ஈரம்தான் கூடும். கடல் பக்கத்து ஊரில் காற்றே ஈரம், வியர்வை காய்வதில்லை. 34 டிகிரிக்கே நாம் சோர்ந்து போவது அதனால்தான். இன்னும் ஈரத்தைக் கூட்டுவானேன்?

ஏறியதும் என்ன செய்வது?

அமெரிக்காவில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகக்காரர்கள் வெயிலில் கார்களை நிறுத்தி அளந்து 2018-ல் வெளியிட்டார்கள். 37 டிகிரிக்கு மேல் சுட்ட நாட்களில், ஒரு மணி நேரத்தில் கார் உள்காற்று 47 டிகிரி, டேஷ்போர்டு 69, ஸ்டியரிங் 53, ஸீட் 51. நிழலில் நிறுத்தினால் அதே ஒரு மணியில் உள்காற்று 38, ஸீட் 41. நிழலின் அருமை இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. இத்தனைக்கும் இது கண்ணாடிக் கூரைக்கென்று எடுத்த கணக்கு அல்ல.

வெயிலில் நின்ற காருக்குள் உடனே ஏறாதீர்கள். எதிரெதிர்க் கதவுகளைத் திறந்து இரண்டு நிமிஷம் விடுங்கள். அல்லது ஒரு பக்கக் கண்ணாடியை இறக்கிவிட்டு எதிர்ப்பக்கக் கதவை நாலைந்து தடவை திறந்து மூடுங்கள், உள்ளே தேங்கிய சூடு வெளியேறிவிடும். பிறகு ஏ.சி. போட்டுச் சற்று தூரம் கண்ணாடியை இறக்கியபடி ஓட்டிவிட்டு மூடுங்கள். அதற்கப்புறம் உள்காற்றையே சுழற்றுகிற பொத்தானை அழுத்தலாம். அதிலேயே மணிக்கணக்காக விட்டால் மூச்சுக்காற்று தேங்கித் தூக்கம் வரும். அவ்வப்போது வெளிக்காற்றை விடுங்கள். வியர்த்த உடம்போடு ஏறி 18 டிகிரியில் வைத்து முகத்துக்கு நேரே குளிர்க்காற்றை வாங்குகிறவர்கள்தான் மறுநாள் பீனிசம், தலைபாரம் என்று வருகிறார்கள். 25 டிகிரி தாராளம்.

எலெக்ட்ரிக் காரில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. என்ஜின் இல்லாததால் நின்றபடியே ஏ.சி. ஓட்டலாம். கிளம்புவதற்குப் பத்து நிமிஷம் முன்பே ஃபோனிலிருந்து ஏ.சி. போட்டு வைக்கலாம். சார்ஜர் சொருகியிருக்கும்போதே போட்டால் செலவாவது பெரும்பாலும் வீட்டுக் கரண்ட்தான். பாட்டரி அப்படியே இருக்கும்.

ஆனால் நம் வீடுகளில் நடப்பது வேறு. “கிலோமீட்டர் குறைஞ்சு போகும்” என்று ஏ.சி.யை அணைத்துவிட்டு, அம்மாவையும் மாமனாரையும் பின்ஸீட்டில் வேக வைத்துக்கொண்டு மதுரை வரை போகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். கார் ஒருமுறை குளிர்ந்துவிட்டால் ஏ.சி.க்கு மணிக்குச் சுமார் ஒரு யூனிட், கடும் வெயிலில் ஒன்றரை, இரண்டு யூனிட் வரை ஆகலாம். பாட்டரியில் இருப்பது 40 யூனிட், 50 யூனிட். இதில் மிச்சம் பிடித்து என்ன செய்யப் போகிறோம்? வயதானவர்களுக்குத் தாகம் சரியாகத் தெரியாது. ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சீக்கிரம் வாடிப்போவார்கள். மரியாதையாகப் பின்னால் உட்கார வைக்கிறோம், கண்ணாடிக்கு நேர் கீழே! தலையில் ஒரு பருத்தித் துண்டாவது போடச் சொல்லுங்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று வெயிலில் அலையக் கூடாது என்பது சித்த மருத்துவ முறை. திரையில்லாக் கண்ணாடிக் கூரைக்குக் கீழே இரண்டு மணி நேரம் உட்கார்வதும் வெயிலில் அலைகிற கணக்குத்தான்.

பிள்ளைகள் ஜாக்கிரதை!

இதுவரை சொன்னதை மறந்தாலும் பரவாயில்லை, இதை மறக்காதீர்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் வருகிற பணகுடிக்கு அருகே, லெப்பைக்குடியிருப்பில், 2022 ஜூனில் நின்றிருந்த காருக்குள் ஏறி விளையாடிய 3 பிள்ளைகள் கதவு பூட்டிக்கொண்டு இறந்துபோனார்கள். மூன்றும் சின்னஞ்சிறுசுகள். எந்தக் காருக்கும் இது பொருந்தும், கண்ணாடிக் கூரைதான் வேண்டும் என்பதில்லை.

‘அஞ்சு நிமிஷம்தானே, ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வச்சிருக்கேனே’ என்று நினைப்போம். 2005-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வு இதைத்தான் பார்த்தது. வெளியே 22 முதல் 36 டிகிரி வரை இருந்த நாட்களில், மூடிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் சுமார் 22 டிகிரி கூடியது. அதில் 80 சதவிகிதம் முதல் அரை மணிக்குள்ளேயே. ஜன்னலை லேசாக இறக்கி வைத்தும் பெரிதாகப் பயனில்லை. பெரியவர்களைவிடக் குழந்தையின் உடம்பு 3 முதல் 5 மடங்கு வேகமாகச் சூடேறும்.

ஏ.சி. ஓடுகிறது என்ற தைரியத்தில் குழந்தையை விட்டுவிட்டுக் கடைக்குள் போகவே போகாதீர்கள். எலெக்ட்ரிக் காரில் சத்தம் இல்லை. ஏ.சி. ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்று வெளியே நிற்கிறவருக்குச் சட்டென்று தெரியாது. பாட்டரி குறைந்தால் அதுவாகவே நின்றுவிடலாம். வீட்டில் நிற்கும்போது பூட்டி, சாவியைப் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். ஃபோனிலேயே கதவு திறக்கிற கார் என்றால் அந்த ஃபோனையும்தான்.

யாருக்காவது காரில் உடம்பு அனலாகக் கொதித்து, பேச்சு குழறி, நினைவு தடுமாறினால் வியர்க்கிறதா இல்லையா என்று பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். உடனே நிழலில் கிடத்தி, உடுப்பைத் தளர்த்தி, உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். 108-க்குச் சொல்லுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. கஷாயம் கொடுத்துப் பார்க்கலாம் என்று என்னிடம் தூக்கிக்கொண்டு வராதீர்கள், ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி மாதிரி பெரிய இடத்துக்குத்தான் போக வேண்டும்.

லேசான தலைச்சுற்றல், எரிச்சலுக்கு நம் கைமருந்து போதும். நீர்மோரில் இஞ்சி, கறிவேப்பிலை தட்டிப்போட்டு உப்பு அளவாகச் சேர்த்துக் குடியுங்கள். நன்னாரி வேரை இடித்து ஊற வைத்த தண்ணீர் பித்தத்தைத் தணிக்கும். கடைச் சர்பத்தில் பாதி சர்க்கரைதான், நீரிழிவுக்காரர்கள் வேரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அக்கானியும் அவர்களுக்கு ஆகாது. நுங்கு எல்லோருக்கும் நல்லது, பங்குனி முதல் வைகாசி வரை வழியெல்லாம் கிடைக்கும். வெட்டிய உடனே சாப்பிடுங்கள். வாங்கிக் கார் டேஷ்போர்டில் வைத்துக்கொண்டு போனால் புளித்துவிடும். அந்த டேஷ்போர்டில் லேகிய டப்பா, இன்சுலின், பவர் பேங்க், வாசனை ஸ்ப்ரே எதையும் விட்டுவிட்டு இறங்காதீர்கள்.