ஞானமும் நம்பிக்கையும்

‘ஞானம்’ என்னும் சொல்லை அறியாத தமிழர் இல்லை. வடமொழியிலிருந்து வந்து நம் வீட்டுச் சொல்லாகிவிட்ட அதற்குக் கிரேக்க மொழியில் ஓர் உடன்பிறப்பு உண்டு. ‘க்னோசிஸ்’ என்பது அது. இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பது மொழிநூலார் முடிபு. கிறிஸ்தவ சமயத்தின் முதல் நூற்றாண்டுகளில், மனிதனுக்கு மீட்பு தருவது இந்த ஞானமே என்று போதித்த கூட்டத்தார் பலர் இருந்தனர். வரலாற்று நூல்கள் அவர்களை ‘க்னாஸ்டிக்குகள்’ என்று குறிக்கும். நாம் ஞானக் கொள்கையினர் என்போம். அவர்களுக்கும் திருச்சபைக்கும் நிகழ்ந்த வழக்கைப் பழைய சமயப் பூசல் என்று ஒதுக்கிவிட இயலாது. கிறிஸ்தவ நம்பிக்கையின் சில அடிப்படைகள் அவ்வழக்கில்தான் கூர்மை பெற்றன.

அவர்கள் எழுப்பிய கேள்வி எளியது, விடைதான் அரியது. இறைவன் நல்லவன் என்றால், நோயும் சாவும் கொடுமையும் மலிந்த இவ்வுலகம் எவ்வாறு தோன்றியது? அவர்களுள் பிரிவுகள் பல. எல்லாரும் ஒன்றையே சொன்னாரல்லர். ஆயினும் பலர் கூறிய விடையின் சாரம் இதுவாகும்: மேலான இறைவன் இவ்வுலகைப் படைக்கவில்லை. அவனை அறியாத தாழ்ந்த தேவன் ஒருவன், தானே முதல்வன் என்று செருக்குற்று இதனைச் செய்தான். மனிதனுக்குள் மேலுலகின் ஒளித்துளி ஒன்று சிக்கிக் கிடக்கிறது. தான் யார் என்பதை மறந்து உறங்குகிறது. அதனைத் தட்டி எழுப்ப வந்த ஆசிரியரே இயேசு. அவர் தந்த ஞானத்தைப் பெற்றவன் தன் பிறப்பிடம் சேர்வான்.

இவ்வழியே சென்ற சிலர் மேலும் ஒன்று கூறினர். உடல் இழிந்தது, ஆதலின் மீட்பர் மெய்யான உடல் எடுத்திரார், சிலுவையில் அவர் பட்ட துன்பமும் வெறுந்தோற்றமே என்றனர். திருச்சபையால் இதனைப் பொறுக்க இயலவில்லை. ஏன் என்பதை அக்காலத்து நிகழ்ச்சிகளே காட்டும். கி.பி. 2-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தியோக்கியா நகர ஆயர் இக்னேஷியஸ், கொடிய மிருகங்களுக்கு இரையாக்கப்படுமாறு ரோமாபுரிக்குக் கொண்டு செல்லப்பட்டார். அவர் துன்புற்றது தோற்றம் என்றால் நான் தளை பூண்டு நிற்பது எதற்காக என்னும் பொருள்பட அவர் வழியில் எழுதிய கடிதங்களில் வினவினார். தம் உடலைச் சாவுக்கு ஒப்புவித்தவரிடம் உடல் ஒரு பொருட்டன்று என்று சொல்லுதல் எளிதோ?

இன்றைய பிரான்சு நாட்டிலுள்ள லியோன் நகரில் கி.பி. 177-இல் கிறிஸ்தவர் பலர் கொல்லப்பட்டனர். தொண்ணூறு வயது கடந்த ஆயர் போத்தினஸ் சிறையிலேயே உயிர் துறந்தார். அவருக்குப்பின் அப்பொறுப்பை ஏற்றவர் ஐரேனியஸ். ஏறத்தாழ கி.பி. 180-இல் ஞானக் கொள்கையினரை மறுத்து ஐந்து பகுதிகள் கொண்ட பெருநூல் ஒன்றை அவர் எழுதினார். படைத்தவனும் மீட்பவனும் ஒருவனே. அவன் படைத்த மண் நல்லது. மனிதன் உடலோடு உயிர்த்தெழுவான். இயேசுவின் சீடர்கள் மறைபொருளைச் சிலர் செவியில் மட்டும் ஓதவில்லை, வெளிப்படையாகவே போதித்தனர். நற்செய்தி நூல்கள் நான்கே. இவை அவருடைய மறுமொழியின் தூண்கள்.

அவர் எள்ளவும் வல்லவர். வானுலகச் சக்திகளுக்கு வாலண்டினஸ் வழியினர் அடுக்கடுக்காகப் பெயர் சூட்டியதைக் கண்டு, சுரைக்காய், வெள்ளரிக்காய், முலாம்பழம் என்று தாமும் பெயரிட்டு நகையாடினார். படிப்பவர் இன்றும் சிரிப்பர். ஆனால் நகையாடப்பட்டவரின் நூல்கள் அழிந்துபோயின. எஞ்சியவை மிகச் சில. ஆதலின் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக உலகம் அவர்களைப் பெரும்பாலும் எதிராளியின் வாய்மொழியாகவே அறிந்திருந்தது. வழக்கில் ஒரு தரப்பின் வாதம் மட்டுமே கையில் இருப்பின், தீர்ப்பு எத்துணை முழுமை பெறும்?

மறுதரப்பின் குரல் மண்ணிலிருந்து எழுந்தது. 1945-ஆம் ஆண்டின் இறுதியில், எகிப்தின் தென்பகுதியில் நாக் ஹம்மாதி என்னும் ஊரை அடுத்த மலையடிவாரத்தில், உரமண் தோண்டச் சென்ற உழவர் கையில் மண்சாடி ஒன்று அகப்பட்டது என்பர். அதனுள் தோலுறையிட்ட பாப்பிரஸ் சுவடிகள் இருந்தன. பன்னிரண்டு சுவடிகளும் பதின்மூன்றாம் சுவடியின் சில ஏடுகளுமாக, ஐம்பதுக்கும் மேற்பட்ட நூல்கள் நமக்குக் கிடைத்தன. அனைத்தும் கிரேக்கத்திலிருந்து எகிப்தியரின் காப்டிக் மொழியில் பெயர்க்கப்பட்டவை. ஒரு சுவடியின் அட்டையைத் தடிப்பாக்க ஒட்டிய பழந்தாள்களில் கி.பி. 341, 346, 348 ஆகிய ஆண்டுகள் காணப்படுவதால், அது கட்டப்பட்ட காலமும் விளங்கிற்று. 1977-இல் இந்நூல்கள் அனைத்தும் ஆங்கிலத்தில் ஒரே தொகுதியாக வெளிவந்தன. மூலச் சுவடிகள் கெய்ரோவிலுள்ள காப்டிக் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

இவற்றைப் படித்த அறிஞர்கள் இரண்டு உண்மைகளைக் கண்டனர். முதலாவது, ஐரேனியஸ் பொய்யுரைக்கவில்லை. ‘யோவானின் மறைநூல்’ என்னும் சுவடியின் ஒரு பகுதி, அவர் சுருக்கிக் கூறியதைப் பெரிதும் ஒத்திருக்கிறது. இரண்டாவது, அவர் கூறியது முழு உண்மையுமன்று. ‘உண்மையின் நற்செய்தி’ என்னும் நூலில் கேலிக்கு இடமில்லை. தந்தையை மறந்து கனவில் அஞ்சியவர் விழித்து அமைதி பெறுவதை அது கனிந்த குரலில் பேசுகிறது. ‘தோமாவின் நற்செய்தி’ இயேசு கூறியனவாக 114 வாக்குகளைத் தருகிறது; சிலுவைச் சாவின் வரலாறு அதில் இல்லை. அது ஞானக் கொள்கை நூல்தானா என்பது பற்றிக் கருத்து வேற்றுமை உண்டு.

வாலண்டினஸ் வழியினர் புறச்சமயத்தாரும் அல்லர். தம்மைக் கிறிஸ்தவர் என்றே அழைத்துக்கொண்டனர். பவுலின் கடிதங்களைப் போற்றிப் படித்தனர். யோவான் நற்செய்திக்கு நாம் அறிந்தவற்றுள் முதல் விளக்கவுரை கண்ட ஹெராக்ளியோன் அவர்களுள் ஒருவரே. நம்மைப் போலவே பேசுகிறார்கள், வேறாக எண்ணுகிறார்கள் என்பதே ஐரேனியஸின் மனக்குறை. ஒரே வீட்டார் வழக்கில்தான் சூடு மிகுதி.

கி.பி. 367-இல் அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியஸ், புதிய ஏற்பாட்டுக்குரிய 27 நூல்களை வரிசைப்படுத்திக் கடிதம் விடுத்து, பிறவற்றை விலக்கினார். அதன்பின் அருகிலிருந்த மடத்துத் துறவியர், எரிக்க மனமின்றி அச்சாடியைப் புதைத்திருக்கலாம் எனச் சிலர் கருதுவர்.

இவ்வழக்கின் நிழல் படிந்த கதையொன்று நம் நாட்டோடும் தொடர்புடையது. தோமையார் இந்தியா வந்ததைக் கூறும் ‘தோமாவின் பணிகள்’ என்னும் 3-ஆம் நூற்றாண்டு நூலில், அவர் இந்தியச் சிறையில் பாடியதாக ஒரு பாட்டு இருக்கிறது. முத்து ஒன்றைக் கொணருமாறு கீழ்த்திசை அரசிளங்குமரன் எகிப்துக்கு அனுப்பப்படுகிறான். அவ்வூர் உடையை உடுத்து, அவ்வூர் உணவை உண்டு, தான் யார் என்பதை மறந்துவிடுகிறான். பெற்றோர் விடுத்த கடிதம் கழுகாகப் பறந்துவந்து அவனை எழுப்புகிறது. முத்தைக் கைக்கொண்டு அவன் வீடு திரும்புகிறான். ஞானக் கொள்கையின் சாயலை இதில் காண்பார் பலர், மறுப்பாரும் உளர்.

பிழைப்பின் பொருட்டு ஊர் கடந்து வந்து வாழும் நமக்கு, இக்கதையின் உட்பொருள் எளிதில் விளங்கும். வந்த இடம் சிறை என்றனர் ஞானக் கொள்கையினர். வந்த இடமும் தந்தை படைத்த நிலமே என்றது திருச்சபை. ஊர்க் கடிதத்துக்குக் காத்திருக்கும் உள்ளமும், உணவளிக்கும் மண்ணிடம் நன்றி பாராட்டும் உள்ளமும் ஒரே மனிதனிடம் இருத்தல் கூடும் என்பதை நம் வீடுகளிலேயே காண்கிறோம். அவ்வழக்கின் இருதரப்பையும் அவரவர் சொற்களாலேயே கேட்கும் வாய்ப்பு நம் காலத்தார்க்குக் கிட்டியிருக்கிறது. தீர்ப்புக் கூற விரைவதற்கு முன், இருவரையும் கேட்போம்.