தளர்நடைக் குழந்தையுடன் தனியே நெடுந்தூர வானூர்திப் பயணம்

தளர்நடைக் குழந்தையுடன் தனியே நெடுந்தூர வானூர்திப் பயணம் என்பது, ஏறத்தாழ ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தையை, வேறு பெரியவர் துணையின்றித் தாயோ தந்தையோ ஒருவர் மட்டும் பல மணிநேர வானூர்திப் பயணத்தில் அழைத்துச் செல்வதைக் குறிக்கும். கணவர் வெளிநாட்டில் பணியாற்ற, மகப்பேற்றிற்கோ விடுமுறைக்கோ தாய்வீடு வந்து திரும்பும் தமிழ்ப் பெண்களிடையே இவ்வகைப் பயணம் பரவலாகக் காணப்படுகிறது.

இக்கட்டுரையில் விழுப்புரம் மாவட்டத்திலுள்ள செஞ்சி பேரூராட்சியிலிருந்து புறப்படும் ஒரு தாயின் பயணம் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. செஞ்சியில் வானூர்தி நிலையமும் இல்லை, தொடருந்து நிலையமும் இல்லை. தமிழ்நாட்டின் பெரும்பாலான சிற்றூர்களின் நிலையும் இதுவே.

வயது வரம்பு

பன்னாட்டு வானூர்திப் போக்குவரத்தில் இரண்டு வயது நிரம்பாத குழந்தை 'கைக்குழந்தை' எனக் கொள்ளப்படுகிறது. அதற்குத் தனி இருக்கை கட்டாயமன்று. பெரியவரின் மடியில் அமர்ந்து செல்லலாம். பன்னாட்டுப் பயணங்களில் இதற்கான கட்டணம் வழக்கமாகப் பெரியவர் கட்டணத்தில் 10 விழுக்காடு அளவில் இருக்கும். இரண்டு வயது நிரம்பிய நாளிலிருந்து தனி இருக்கை வாங்கியாக வேண்டும். ஊருக்கு வரும்போது 22 மாதமாக இருந்த குழந்தைக்குத் திரும்பும்போது 25 மாதம் ஆகிவிட்டால், திரும்பும் பயணத்திற்கு இருக்கை தேவைப்படும். பயணச்சீட்டு வாங்கும்போதே இதைக் கணக்கிடாதவர்கள் கடைசி நேரத்தில் பெருந்தொகை செலுத்த நேரிடுகிறது.

ஒரு பெரியவர் ஒரு குழந்தையை மட்டுமே மடியில் வைத்துக்கொள்ளலாம். எனவே இரட்டைக் குழந்தைகளுடன் தனியே செல்லும் தாய், அவற்றின் வயது எதுவாயினும், ஓர் இருக்கையாவது கூடுதலாக வாங்க வேண்டும்.

மடியின் இடர்

மேலே கூறிய இரண்டு வயது வரம்பு உடற்கூற்றியல் காரணத்தால் ஏற்பட்டதன்று. கட்டண வழக்கத்தால் ஏற்பட்டது. வானூர்தியில் பெட்டிகள் மூடிய அடுக்கில் வைக்கப்படுகின்றன, உணவு வண்டி பூட்டப்படுகிறது, பெரியவர்கள் பட்டி அணிகின்றனர். மடியில் உள்ள குழந்தை தாயின் கைப்பிடியை மட்டுமே நம்பியிருக்கிறது. ஈர்ப்பு முடுக்கத்தின் ஒன்பது மடங்கு விசை ஏற்படும் ஒரு மோதலில் 10 கிலோகிராம் எடையுள்ள குழந்தை 90 கிலோகிராம் எடையுள்ள பொருளைப் போல இழுக்கும். எவ்வளவு வலிமையான கையாலும் அதைப் பிடித்து நிறுத்த இயலாது.

1989 சூலை 19 அன்று ஐக்கிய அமெரிக்காவில் டென்வரிலிருந்து சிகாகோ சென்ற யுனைட்டெட் ஏர்லைன்சு 232 இந்த விவாதத்தைத் தொடங்கிவைத்த நிகழ்வாகும். வால்பகுதிப் பொறி சிதறியதால் கட்டுப்பாட்டை இழந்த அவ்வானூர்தி, அயோவா மாநிலத்தின் சூ சிட்டியில் தரையிறங்கும்போது உடைந்து தீப்பற்றியது. அதிலிருந்த 296 பேரில் 112 பேர் இறந்தனர். மடியில் பயணம் செய்த குழந்தைகள் நால்வர். அவர்களைத் தரையில் வைத்துப் பிடித்துக்கொள்ளுமாறு பெற்றோர்க்கு அறிவுறுத்தப்பட்டது. அன்றைய நடைமுறை அதுவே. மோதலின்போது குழந்தைகள் இருவர் கைநழுவினர். மூவர் பிழைத்தனர்; இரண்டு வயது நிரம்பாத ஓர் ஆண் குழந்தை இறந்தது. அவ்வறிவுறுத்தலை வழங்கிய தலைமைப் பணிப்பெண் ஜான் பிரவுன், உயிர் தப்பிய பின்னர், குழந்தைகளுக்குத் தனி இருக்கையைக் கட்டாயமாக்க வேண்டும் எனப் பல ஆண்டுகள் போராடினார்.

அமெரிக்க தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1990-ல் இதையே பரிந்துரைத்தது. ஆயினும் அந்நாட்டு வானூர்தித் துறை ஆணையம் ஏற்கவில்லை. 2005-லும் கட்டாயமாக்குவதில்லை என அறிவித்தது. கூடுதல் இருக்கைக்குப் பணம் செலுத்த இயலாத குடும்பங்கள் மகிழுந்தில் செல்லத் தொடங்கும், சாலையில் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை காப்பாற்றப்படும் குழந்தைகளின் எண்ணிக்கையை மிஞ்சிவிடும் என்பது அதன் வாதம்.

இவ்வாதம் டென்வருக்கும் சிகாகோவுக்கும் பொருந்தலாம். சென்னையிலிருந்து இலண்டனுக்கு மகிழுந்தில் செல்வார் எவருமிலர். கடல் கடக்கும் பயணத்திற்கு மாற்றுச் சாலை இல்லாததால், இவ்வாதத்தைக் காட்டி நெடுந்தூரப் பயணத்திலும் மடிப்பயணத்தை நியாயப்படுத்துவது வலுவற்றது.

ஐரோப்பிய நாடுகளில் மடிக்குழந்தைக்குத் தாயின் பட்டியுடன் இணைக்கும் வளையப் பட்டி வழங்கப்படுகிறது. மோதலின்போது தாயின் உடல் குழந்தையை நசுக்கக்கூடும் என்பதால் ஐக்கிய அமெரிக்கா ஏறும்போதும் இறங்கும்போதும் இதைத் தடைசெய்துள்ளது. ஒரே குழந்தை, ஒரே பயணத்தில், இரு வானூர்திகளில் இரு வேறு விதமாக அமர்த்தப்படுவது இதனாலேயே.

தனி இருக்கை வாங்கினால், வானூர்திக்கு ஏற்பளிக்கப்பட்ட குழந்தை இருக்கையைப் பொருத்தலாம். 10 முதல் 20 கிலோகிராம் வரையுள்ள குழந்தைக்கு, இருக்கையின் முதுகில் சுற்றிக் கட்டும் தோள்பட்டி ஒன்றும் 2006 முதல் ஏற்கப்பட்டுள்ளது. எடை குறைவாதலால் தனியே செல்பவர்க்கு இது மிகவும் ஏற்றது. எந்த நிறுவனம் எதை ஏற்கும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டுப் பெறுதல் நலம்.

சுவர்த் தொட்டில்

வானூர்தியின் தடுப்புச் சுவரில் பொருத்தப்படும் சிறு தொட்டில் சில இருக்கைகளுக்கு முன் மட்டுமே கிடைக்கும். இதன் எடை வரம்பு நிறுவனத்தைப் பொறுத்து ஏறத்தாழ 10 முதல் 14 கிலோகிராம் வரை வேறுபடும். உலக நலவாழ்வு அமைப்பின் வளர்ச்சி அட்டவணைப்படி 18 மாத ஆண் குழந்தையின் இடைநிலை எடை 10.9 கிலோகிராம், நீளம் 82 சென்டிமீட்டர். தொட்டிலின் நீளமோ பெரும்பாலும் 75 சென்டிமீட்டரைச் சுற்றியே இருக்கும். எனவே நடக்கத் தொடங்கிய குழந்தைக்குத் தொட்டில் கிடைக்கும் என்று எண்ணிப் பயணத்தைத் திட்டமிடலாகாது. கிடைத்தாலும், இருக்கைப்பட்டி விளக்கு எரியும் ஒவ்வொரு முறையும் தூங்கும் குழந்தையைத் தூக்க வேண்டியிருக்கும். நம் ஊர்த் தூளி குழந்தையின் நீளத்திற்கேற்ப வளைந்து கொடுக்கும், இத்தொட்டில் அவ்வாறன்று.

ஆவணங்களும் பெயர்ச் சிக்கலும்

பிறந்த குழந்தைக்கும் தனிக் கடவுச்சீட்டு வேண்டும். சிறுவர்க்கான இந்தியக் கடவுச்சீட்டு ஐந்து ஆண்டுகள் செல்லும். 2023 அக்டோபர் 1 அன்றோ அதன் பின்னரோ பிறந்தவர்க்குப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே பிறந்தநாளுக்கான சான்றாக ஏற்கப்படும் என 2025-ல் விதி திருத்தப்பட்டது. எனவே சான்றிதழில் குழந்தையின் பெயர் பதியப்பட்டுள்ளதா என முதலில் பார்க்க வேண்டும். பெயர் சூட்டும் முன்னரே பிறப்பைப் பதிந்து, பின்னர் பெயரைச் சேர்க்க மறந்துவிடுவது நம்மிடையே வழக்கம்.

தமிழரின் பெயரிடும் முறை இப்பயணத்தில் தனிச் சிக்கலைத் தருகிறது. தமிழ்நாட்டில் குடும்பப் பெயர் வழக்கு அரிது; தந்தை பெயரின் முதலெழுத்தே முன்னெழுத்தாக வரும். கடவுச்சீட்டில் முன்னெழுத்தை விரித்து எழுத வேண்டும். இதனால் தாயின் கடவுச்சீட்டில் அவருடைய தந்தையின் பெயரும், குழந்தையின் கடவுச்சீட்டில் குழந்தையின் தந்தை பெயரும் குடும்பப் பெயராக அமைகின்றன. இருவரின் கடவுச்சீட்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் அயல்நாட்டு அலுவலர்க்கு, குடும்பப் பெயரை மட்டும் கொண்டு அவர்கள் தாயும் சேயும் என அறிய இயலாது. குழந்தைக் கடத்தலைத் தடுக்கும் கடமையுள்ள அவர் கேள்வி கேட்பதில் தவறில்லை. நள்ளிரவில், அழும் குழந்தையுடன் அதற்கு விடை கூறுவதுதான் கடினம்.

பெற்றோர் இருவர் பெயரும் உள்ள பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், உடன் வராத பெற்றோரின் கையொப்பமிட்ட ஒப்புதல் கடிதம் ஆகிய மூன்றையும் கைப்பையிலேயே வைத்திருக்க வேண்டும். கனடா, ஐக்கிய அமெரிக்கா ஆகிய நாடுகளின் எல்லை அலுவலகங்கள் இத்தகைய கடிதத்தை எடுத்துச் செல்லுமாறு பரிந்துரைக்கின்றன. இக்கடிதத்தை நோட்டரி வழக்கறிஞரிடம் சான்றொப்பம் பெற்று வைப்பது நல்லது.

செஞ்சியிலிருந்து மீனம்பாக்கம் வரை

செஞ்சியிலிருந்து திண்டிவனம் 28 கிலோமீட்டர். அங்கிருந்து ஜி.எஸ்.டி. சாலை வழியே செங்கல்பட்டைக் கடந்து மீனம்பாக்கத்தை அடையலாம். வானூர்தி நிலையம் இச்சாலையின் மீதே உள்ளதால் சென்னை நகருக்குள் நுழைய வேண்டியதில்லை. எனினும் சுங்கச்சாவடிகளிலும் தாம்பரத்தை ஒட்டியும் நெரிசல் மிகுதி. விழாக்கால ஞாயிறு மாலைகளில் சொல்லவே வேண்டாம். பன்னாட்டுப் பயணிகள் மூன்று மணிநேரம் முன்னதாக வர வேண்டும் என்பதையும் சேர்த்தால், அதிகாலை 4 மணி வானூர்திக்கு முந்தைய இரவு 9 மணிக்குள் செஞ்சியை விட்டுப் புறப்படுவது தகும்.

முழுப் பயணத்திலும் மிக இடர் நிறைந்த பகுதி இந்தச் சாலைப் பகுதியே. உறவினர் அனைவரும் வேனில் ஏறி, குழந்தை ஒவ்வொருவர் மடியாக மாறி மாறிச் செல்வது வழக்கம். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், 14 வயதுக்குட்பட்ட குழந்தையைப் பட்டியாலோ குழந்தை இருக்கையாலோ பிணைக்காமல் ஏற்றிச் சென்றால் 1000 ரூபாய் தண்டம் விதிக்கிறது. வானூர்திக்கென வாங்கும் குழந்தை இருக்கை வேனிலும், சென்றடையும் நாட்டு மகிழுந்திலும் பயன்படும்.

நிலையக் கட்டடத்திற்குள் பயணிகள் மட்டுமே செல்ல முடியும். வழியனுப்ப வந்தோர் அனைவரும் வாயிலிலேயே நின்றுவிட, தாயின் தனிப்பயணம் அங்கிருந்து தொடங்குகிறது. பெட்டி ஒப்படைப்பு, குடியகல்வுச் சோதனை, பாதுகாப்புச் சோதனை என ஒவ்வொன்றிலும் ஒரு கை குழந்தைக்கும் மறு கை ஆவணத்திற்கும் தேவைப்படும். மூன்றாவது பொருளுக்குக் கை இல்லை. ஆகவே தோளில் மாட்டும் ஒரே பையும், மார்போடு அணைக்கும் குழந்தைத் தாங்கியும் போதுமானவை. பாதுகாப்புச் சோதனையில் தாங்கியிலிருந்து குழந்தையை வெளியே எடுக்கச் சொல்வர். நிலைய உதவியாளர் சேவையைப் பயணச்சீட்டு வாங்கும்போதே கோரலாம்.

அறையழுத்தமும் காதுவலியும்

வானூர்தி ஏறத்தாழ 11 கிலோமீட்டர் உயரத்தில் பறந்தாலும், உள்ளறை அழுத்தம் 8000 அடி உயரத்திற்குரிய அளவுக்குக் கீழே போகாதவாறு பேணப்படுகிறது. இது செஞ்சி இராசகிரியைப் போலப் பத்து மலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உயரம். உதகமண்டலத்தைவிடச் சற்றுக் கூடுதல். போயிங் 787 போன்ற புதிய வானூர்திகளில் இது 6000 அடி அளவிலேயே இருக்கும்.

நடுச்செவியையும் தொண்டையையும் இணைக்கும் ஊத்தேக்கியக் குழல் குழந்தைகளில் குறுகலாகவும் கிடைமட்டமாகவும் இருப்பதால் அழுத்தம் எளிதில் சமன்படுவதில்லை. ஏறும்போதைவிட இறங்கும்போதே வலி மிகும். விழுங்கும் செயல் குழலைத் திறக்கிறது. எனவே இறங்கத் தொடங்கும் நேரத்தில், அதாவது தரைதொட ஏறத்தாழ அரைமணி முன்னர், தாய்ப்பாலோ நீரோ கொடுப்பது பயன் தரும். அந்நேரத்தில் குழந்தையைத் தூங்கவிடுவதே வழக்கம். ஆனால் தூக்கத்தில் விழுங்குதல் குறையும். சளியோ காதுத் தொற்றோ இருந்தால் பயணத்திற்கு முன் மருத்துவரைக் காண வேண்டும்.

அழுத்தம் திடீரெனக் குறைந்தால் உயிர்வளி முகமூடிகள் கீழிறங்கும். பெரியவர் முதலில் அணிந்து பின்னர் குழந்தைக்கு அணிவிக்க வேண்டும் என்ற விதி, தாய் மனத்திற்கு ஒவ்வாததாகத் தோன்றலாம். 35,000 அடியில் தெளிந்த உணர்வுடன் செயற்பட ஒரு நிமிடத்திற்கும் குறைவாகவே நேரம் உண்டு. தாய் மயங்கிவிட்டால், உடன் வேறு பெரியவர் இல்லாத நிலையில், குழந்தைக்கு முகமூடி அணிவிக்க எவருமில்லை.

உணவு

நீர்மங்களுக்கான 100 மில்லிலிட்டர் வரம்பு 2006 முதல் பல நாடுகளில் நடைமுறைக்கு வந்தது. குழந்தையின் பால், உணவு, மருந்து ஆகியவற்றிற்குப் பயணத்திற்குத் தேவையான அளவில் விலக்கு உண்டு. இட்லி, வாழைப்பழம், பொரி போன்றவை நன்கு பயன்படும். வீட்டில் அரைத்த சத்துமாவைப் பெருமளவில் கைப்பையில் வைத்தால் கூடுதல் சோதனைக்குள்ளாகலாம். ஒரு நாளுக்குரியதை மட்டும் வைத்து மீதியைப் பெட்டியில் இடலாம். ஆஸ்திரேலியா செல்வோர் எல்லா உணவையும் அறிவிப்புப் படிவத்தில் குறிப்பிட வேண்டும். தவறினால் தண்டம் உண்டு. உள்ளறைக் காற்று மிக வறண்டது. குழந்தைக்கு அடிக்கடி நீர் தர வேண்டும்.

தூக்க மருந்து

சளி மருந்தைக் கொடுத்துக் குழந்தையைத் தூங்கவைக்கும் யோசனையை உற்றார் பலரும் கூறுவர். டைபென்ஐதரமின் போன்ற ஒவ்வாமை மருந்துகள் சில குழந்தைகளைத் தூங்கவைப்பதற்கு மாறாகக் கிளர்ச்சியடையச் செய்யும். அளவு மிகுந்தால் மூச்சைப் பாதிக்கும். தனியே இருக்கும் தாய், நடுவானில், இவ்விரண்டில் எதையும் கையாள இயலாது. இது தவிர்க்கப்பட வேண்டிய ஒன்று.

இடைநிலையங்களும் நேர மாற்றமும்

சென்னையிலிருந்து ஐக்கிய அமெரிக்காவுக்கு நேரடிச் சேவை இல்லாததால் வளைகுடாவிலோ ஐரோப்பாவிலோ டெல்லி, மும்பையிலோ மாற வேண்டும். வாயிலில் ஒப்படைத்த தள்ளுவண்டி சில இடைநிலையங்களில் திருப்பித் தரப்படுவதில்லை. பயண முடிவில்தான் கிடைக்கும். இதை ஏறும் முன் கேட்டறிய வேண்டும். ஒன்றரை மணிநேர இடைவெளியைவிட மூன்று மணிநேர இடைவெளி தளர்நடைக் குழந்தைக்கு ஏற்றது. நடக்கவும் உடைமாற்றவும் அதில் நேரமிருக்கும்.

நியூயார்க்கின் நேரம் இந்திய நேரத்திற்குக் கோடையில் ஒன்பதரை மணியும் குளிர்காலத்தில் பத்தரை மணியும் பின்தங்கியது. சென்று சேர்ந்த முதல் சில நாட்கள் குழந்தை நள்ளிரவில் எழுந்து பசியெடுத்து அழும். பகலில் வெயில் வெளிச்சத்தில் விளையாடவிட்டு, இரவில் விளக்கைக் குறைத்து வைத்தால் ஏறத்தாழ ஒரு வாரத்தில் உறக்கம் சீர்படும்.